எண்ணூர்க் கரையில் ஒரு மோர்மன் உழவரைத் தேடி

இராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை போகும் சாலையில் சாமிகளுக்குப் பஞ்சம் இல்லை. இராயபுரத்தில் படகோட்டிகள் எழுப்பிய புனித இராயப்பர் கோயில், காசிமேட்டுக் குப்பங்களின் அம்மன்கள், திருவொற்றியூரில் தியாகராசரும் வடிவுடையம்மனும், கடலைப் பார்த்தபடி பட்டினத்தார் சமாதி. கண்டெய்னர் லாரிகள் உறுமுகிற சந்துகளில் பள்ளிவாசல்களும் பெந்தெகொஸ்தே சபைகளின் தகரக் கொட்டகைகளும் உண்டு. இத்தனை பேரும் நிலைத்துவிட்ட கரையில், 1853இல் வந்து இறங்கி, ஓராண்டு மன்றாடிவிட்டு, நினைவாக ஒரு கல்லைக்கூட நட்டுவைக்காமல் திரும்பிப் போன சபை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பகுதியிலிருந்து வந்த மோர்மன் சபை அது.

வந்தவர்கள் மூவர்: ரிச்சர்ட் பேலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன். மூவரில் மூத்தவராக நடந்துகொண்ட பேலன்டைன் ஸ்காட்லாந்துக்காரர். தொழில் கற்றது ரொட்டி சுடுவதில். பிழைத்தது கடையிலும் மாவு ஆலையிலும் வயலிலும். பின்னாளில் யூட்டாவின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் மூன்று மனைவியரும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுமாக உழுது வாழ்ந்த குடும்பத் தலைவர் இவர்தான். அவர் கால் பட்ட இடத்தைத் தேடி வடசென்னையில் அலைவது வீண் வேலை. தடயம் ஏதும் கிடைக்காது. ஆனால் அவர் எதைக் கொண்டுவந்தார், எதை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார் என்று விளங்கவேண்டுமானால் எண்ணூர் வரை போயே ஆகவேண்டும்.

அன்றைக்குச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்ப்பது மசூலா படகுகளின் வேலை. ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை தூக்கித் தரையில் அடித்தாலும் பலகை பிளக்காமல் நெளிந்து கொடுக்கும். அந்தத் துடுப்புக்காரர்களின் குடியிருப்புதான் இராயபுரம். கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, 1853 ஜூலைக் கடைசியில் வந்த பேலன்டைன் குழுவும் இப்படித்தான் கரை ஏறியிருக்கவேண்டும். வேறு வழியே இல்லை. யூட்டாவின் மூன்று பிரசங்கிகளும் சென்னையில் முதலில் நம்பியது இராயபுரத்துக் கிறிஸ்தவப் படகோட்டிகளின் கைகளைத்தான் என்று சொன்னால் பெரிதாகப் பிசகாது.

பேலன்டைன் 1817இல் ஸ்காட்லாந்தின் ராக்ஸ்பர்க் வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். பிரெஸ்பிட்டேரியன் குடும்பம். 1842 டிசம்பரில், எடின்பரோவை ஒட்டிய லீத் கரையில், குளிர்காலக் கடலில் முழுகி மோர்மன் ஆனார். அந்தச் சபைக்கு அப்போது வயது பன்னிரண்டுதான். ஜோசப் ஸ்மித் அதை நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது 1830இல். முழுகிய மறு ஆண்டே பேலன்டைன் தாயையும் உடன்பிறந்தாரையும் கூட்டிக்கொண்டு, மிசிசிப்பி ஆற்றங்கரையில் சபையார் கட்டிக்கொண்டிருந்த நாவூ நகரத்துக்குக் கப்பலேறினார். சகோதரி ஜேன், பின்னாளில் சபையின் மூன்றாம் தலைவரான ஜான் டெய்லருக்கு வாழ்க்கைப்பட்டார்.

நாவூவில் நிம்மதி நீடிக்கவில்லை. 1844இல் ஸ்மித்தை ஒரு கும்பல் சிறையிலேயே சுட்டுக்கொன்றது. 1846இல் பேலன்டைனையும் வேறு சிலரையும் எதிர்ப்பாளர்கள் கடத்திச் சுமார் இரண்டு வாரம் மறைத்துவைத்திருந்தார்கள். உயிர் தப்பியவர் மறு ஆண்டு ஹல்டா மெரையா கிளார்க்கை மணந்து, 1848இல் மாட்டுவண்டிகளோடு சமவெளியைக் கடந்து சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். 1849 டிசம்பர் 9 அன்று, தன் வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து ஞாயிறு பள்ளி நடத்தினார். மேற்கு மலைநாட்டில் அந்தச் சபை நடத்திய முதல் ஞாயிறு பள்ளி அது. இன்றும் அமெரிக்க மோர்மன்கள் பேலன்டைன் என்றால் அந்த வகுப்பைத்தான் நினைப்பார்கள். சென்னையை நினைப்பவர் அபூர்வம்.

1852 ஆகஸ்ட் 28, 29 தேதிகளில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு சிறப்பு மாநாடு. ஒரே மூச்சில் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களின் பெயர்களை வாசித்து, நீ இந்த நாட்டுக்குப் போ, நீ அந்த நாட்டுக்குப் போ என்று பிரித்துவிட்டார்கள். யாரிடமும் முன்கூட்டிக் கேட்கவில்லை. பேலன்டைன் பெயருக்கு எதிரே இருந்தது இந்துஸ்தான். அதே மாநாட்டில்தான், பலதார மணம் தங்கள் கொள்கை என்று சபை முதன்முறையாக ஊரறிய அறிவித்தது. இந்த இரண்டு அறிவிப்பும் ஒரே நேரத்தில் வந்ததன் விலையைச் சென்னையில் கட்டவேண்டியிருந்தது.

கையில் காசு இல்லாமல் போவதுதான் சபையின் வழக்கம். ஹல்டாவையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு, அக்டோபரில் கிளம்பி, பாலைவனம் கடந்து கலிபோர்னியா போய்ச் சேர்ந்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் கல்கத்தாக் கப்பலுக்குக் கட்டணம் யார் கொடுப்பது? அந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் இன்னொரு மோர்மன் உழவர்.

ஜான் எம். ஹார்னர் நியூஜெர்சியில் பிறந்தவர். 1846 ஜூலையில் ‘புரூக்ளின்’ கப்பலில் மோர்மன் குடும்பங்களோடு கலிபோர்னியாவில் வந்து இறங்கினார். இரண்டு ஆண்டுக்குள் அங்கே தங்கம் கிடைத்தது. எல்லோரும் சல்லடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடியபோது, ஹார்னர் சிறிது காலம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உருளைக்கிழங்கு நட்டார். தங்கம் தோண்டுகிறவனும் சாப்பிட்டாகவேண்டுமே. கிழங்கும் காய்கறியும் தங்க விலைக்குப் போயின. 1850களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெரும் பணக்கார உழவர்களில் அவர் ஒருவர். இந்தியாவுக்குப் புறப்பட்ட பிரசங்கிகளின் கப்பல் கட்டணத்தில் பெரும்பங்கைத் தந்தது இவர்தான். அடுத்த ஓரிரு ஆண்டில் எல்லோரும் கிழங்கு போட்டு விலை சரிந்தது. ஹார்னரின் செல்வமும் சரிந்தது. பிற்காலத்தில் ஹவாய்த் தீவுக்குப் போய்க் கரும்பு விவசாயம் செய்தார். அந்தச் சரிவு ஓராண்டு முன்னால் வந்திருந்தால் சென்னைக்கு மோர்மன்களே வந்திருக்கமாட்டார்கள்.

1853 ஜனவரியில் ‘மான்சூன்’ என்ற கப்பலில் கிளம்பிய பதின்மூன்று பேர் ஏப்ரல் கடைசியில் கல்கத்தாவில் இறங்கினார்கள். நால்வர் சயாமுக்கென்று அனுப்பப்பட்டவர்கள். மீதிப் பேர் இந்தியாவுக்கு. அங்கே கூடி ஊர் பிரித்துக்கொண்டதில் சென்னை இந்த மூவரின் பங்குக்கு வந்தது.

சென்னையில் அவர்கள் நடத்தியது முழுக்கக் காகிதப் போர். அச்சடித்த துண்டு நூல்கள், மறுப்புக்கு மறுப்பு, போதாக்குறைக்கு 1854இல் சொந்தமாக ஒரு மாத இதழ். எல்லாம் ஆங்கிலத்தில். ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் மோர்மன் மதம் என்றால் என்ன என்று எழுதித் தாக்க, பேலன்டைன் அதற்குப் பதில் நூல் போட்டார். பலதார மணத்தைப் பற்றி இரண்டு பேர் உரையாடுவது போல ஒரு நூலும் அச்சிட்டார். போகிற இடமெல்லாம் அதைத்தானே கேட்டிருப்பார்கள்! கோட்டையைச் சுற்றியிருந்த ஆங்கிலேயரும் யூரேசியரும் படைவீரருமே அவர்களுடைய கேட்போர். ஞானஸ்நானம் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓராண்டு முடிந்ததும், 1854 ஜூலைக் கடைசியில், பேலன்டைன் லண்டனுக்குக் கப்பலேறிவிட்டார். மற்ற ஊர்களிலும் கதை இதுவே. 1856க்குள் இந்தியப் பணி ஏறக்குறைய மூட்டை கட்டப்பட்டது.

தோல்விக்குக் காரணம் சொல்கிறவர்கள் மொழி, வெயில், பணமின்மை, பாதிரிமாரின் எதிர்ப்பு என்று அடுக்குவார்கள். எல்லாம் சரிதான். ஆனால் வடக்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எண்ணூருக்கு வந்து பார்த்தால் வேறொன்று தோன்றுகிறது.

சென்னைக் கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தால் இராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர். இராயபுரம் நிலையம் திறந்தது 1856 ஜூலையில். பேலன்டைன் போய் இரண்டு ஆண்டு கழித்து. அவர் காலத்தில் எண்ணூர் போக நல்ல வழி தண்ணீர் வழிதான். பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர் 1800களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார். அது நீண்டு நீண்டு, 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. எண்ணூர்ப் பக்கத்து உப்பும் விறகும் அந்த வாய்க்காலில்தான் படகேறி நகரத்துக்கு வந்தன. அந்த உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். 1805 முதல் சென்னை மாகாணத்தில் விளைந்த உப்பெல்லாம் கம்பெனிக்கே.

பேலன்டைன் உப்புக்குப் புதியவர் அல்லர். அவர் புறப்பட்டு வந்த ஊர், கடலைவிடப் பல மடங்கு கரித்த ஒரு பெரிய ஏரியின் கரை. அந்த மண்ணில் எதுவும் விளையாது என்று வழிப்போக்கர்கள் கைவிட்ட இடத்தில்தான் 1847 ஜூலையில் மோர்மன்கள் முதல் ஏரை ஓட்டினார்கள். உழமுடியாமல் ஏர் முறிந்தது என்பார்கள். உடனே மலையோடை ஒன்றைத் தடுத்து வயலுக்குள் திருப்பினார்கள். ஊறிய நிலத்தை உழுதார்கள். ஓடையும் காடும் தனி ஒருவருக்குச் சொந்தமாகாது என்று சபைத் தலைவர் பிரிகாம் யங் அப்போதே விதித்துவிட்டார்.

அந்த விதிதான் மோர்மன் உழவரின் வாழ்க்கை முழுவதையும் கட்டி நிறுத்தியது. அமெரிக்காவின் மற்ற உழவர்கள் ஆளுக்கொரு பண்ணையில், கூப்பிடு தூரத்தில் யாரும் இல்லாமல் தனித்துக் குடியிருந்தார்கள். மோர்மன்கள் நம்மூர்க்காரர்களைப் போல ஊருக்குள் நெருக்கமாக வீடு கட்டிக்கொண்டு, வெளியே இருந்த கழனிக்கு நடந்தார்கள். நிலத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். வாய்க்கால் வெட்ட யார் எத்தனை நாள் வேலை செய்தாரோ, அதற்கு ஏற்றபடி அவருக்கு இத்தனை மணி நேரம் தண்ணீர். முறை வைத்து விடுவதற்குத் தண்ணீர்க்காரர் ஒருவர் இருப்பார். நம்மூர் நீர்க்கட்டிதான் அவர்; சம்பளமும் ஏச்சும் ஒன்றுபோலவே. முறை நடுராத்திரியில் வந்தால் நடுராத்திரியில் எழுந்து, லாந்தரும் மண்வெட்டியுமாக மடைக்குப் போகவேண்டும். வீட்டுப் பையன்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கற்றுக்கொள்வது மடை மாற்றுவதைத்தான்.

பேலன்டைன் 1855 செப்டம்பரில் ஊர் திரும்பினார். நேராக அல்ல. லிவர்பூலிலிருந்து ‘சார்லஸ் பக்’ கப்பலில் நானூறு பேர் கொண்ட குடியேறிகள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி அட்லாண்டிக்கைக் கடந்து, பிறகு மாட்டுவண்டிக் கூட்டத்தோடு சமவெளியைக் கடந்து வந்தார். மூன்று ஆண்டு. அதுவரை குடும்பத்தைக் காப்பாற்றியது ஹல்டா. சபை வரலாறுகள் கணவரின் கடற்பயணத்தை நாள்வாரியாகச் சொல்கின்றன. மனைவி அந்த மூன்று பனிக்காலத்தை எப்படித் தள்ளினார் என்பதற்கு வரி குறைவு. இந்தக் கணக்கு எந்த மதத்திலும் இப்படித்தான் எழுதப்படுகிறது.

திரும்பிய ஆண்டே மேரி பியர்ஸ் இரண்டாம் மனைவியானார். 1857இல் கரோலின் சாண்டர்சன். மூன்று அடுப்பு, மூன்று பெண்களின் பிள்ளைகள், ஒரே தகப்பன். 1860ஐ ஒட்டி ஆக்டன் நகருக்கு இடம் மாறினார்கள். கடை வைத்தார்; அடுத்து மலைக்கு அந்தப் பக்கம் ஆக்டன் பள்ளத்தாக்கில் ஈடன் என்ற சிற்றூருக்குப் போய் விவசாயம் பார்த்தார், அந்த ஊர்ச் சபைக்கும் தலைவராக இருந்தார். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே இருக்கிற இடம் அது. ஆக்டன் ஆற்றின் மூன்று கிளைகள் கூடுகிற பள்ளத்தாக்கு. பனி உருகும்போது தண்ணீர் பெருகும். கோடையின் கடைசியில் சுருங்கும். விளைச்சலுக்குக் கிடைக்கும் காலம் குறுகியது. அந்தச் சில மாதத்தில் தானியமும் வைக்கோலும் சேர்த்து வைத்தால்தான் வீட்டுக்கும் மாட்டுக்கும் பனிக்காலம் கழியும். இத்தனை வாயுள்ள குடும்பத்துக்கு ஒவ்வொரு கையும் ஒரு கூலி மிச்சம்.

பலதார மணத்தைக் கண்டு முகம் சுளித்த சென்னை ஆங்கிலேயர் இந்த வீட்டைப் பார்த்திருந்தால் அந்தப்புரத்தை அல்ல, ஒரு கூட்டுப் பண்ணையைத்தான் கண்டிருப்பார்கள். அதற்காக அந்த ஏற்பாட்டை மெச்சவேண்டியதில்லை. அதில் நொந்த பெண்களின் குரல்கள் ஏராளம். அமெரிக்க அரசு 1882இல் கடுமையான சட்டம் கொண்டுவந்து ஆட்களைச் சிறையில் தள்ளியது. 1890இல் சபை புதிய பலதார மணங்களைக் கைவிடுவதாக அறிவித்தது. இன்று அப்படி மணப்பவரைச் சபை நீக்கிவிடுகிறது. தொடர்பவர்கள் பிரிந்துபோன சிறு குழுக்கள்.

அறுவடை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பத்தில் ஒன்றைப் பிரிப்பது. அன்று அது காசாகப் போகவில்லை. பத்து மூட்டை கோதுமைக்கு ஒரு மூட்டை, பத்து வண்டி வைக்கோலுக்கு ஒரு வண்டி, வெண்ணெயும் முட்டையும்கூட. அது சபையின் களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து விதவைக்கும் புதிதாக வந்த குடியேறிக்கும் கூலிக்காரருக்கும் பங்காகும். மாதத்தில் ஒரு நாள் நோன்பிருந்து, மிச்சமாகும் சாப்பாட்டின் விலையை ஏழைகளுக்குக் கொடுப்பது இன்றும் உண்டு. 1876 முதல் பெண்கள் சங்கமே தனியாகக் கோதுமை சேமித்தது, வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிக்கூட. நம் நாட்டில் தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்த அதே ஆண்டு அது. மதுவும் புகையிலையும் தேநீரும் காபியும் கிடையாது. எண்ணூர் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால், இந்த ஒரு விதிக்காகவே வடசென்னை அந்தச் சபையைத் திருப்பி அனுப்பியிருக்கும் என்று தோன்றும்.

இந்த வாய்க்கால், முறை, களஞ்சியம், பங்கு எதுவும் துண்டு நூலில் ஏறாது. பேலன்டைன் சென்னைக்குக் கொண்டுவந்தது கோட்பாட்டை. அதை நம்பும்படி ஆக்குகிற ஊர் வாழ்க்கை பல்லாயிரம் கல் தள்ளி இருந்தது. நம்பியவரிடமும் அவர் சொன்னது, சால்ட் லேக்குக்குக் கிளம்பி வா என்பதே. நிலத்தைவிட்டுப் பிடுங்கினால் அந்த மதத்தில் மிஞ்சுவது வாதம் மட்டும். வாதம் செய்யச் சென்னையில் ஏற்கெனவே ஆள் அதிகம்.

ஆனால் முறை வைத்துப் பங்கிடும் வாழ்க்கை எண்ணூரில் அவர் வருவதற்கு முன்னாலேயே இருந்தது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில், பழவேற்காட்டில் போலவே, ‘பாடு’ என்ற ஏற்பாடு. ஆற்றில் வலை கட்டுகிற நல்ல இடங்களை எந்தக் குடும்பம் எந்த நாளில் பயன்படுத்தலாம் என்று ஊர் கூடி முறை வைக்கும். இன்று உன் முறை, நாளை என் முறை. நல்ல பாட்டை ஒருவனே வளைத்துக்கொள்ள முடியாது. ஆக்டன் பள்ளத்தாக்கில் தண்ணீர் முறை வைத்த உழவருக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டியிருந்திருக்காது, பார்த்தவுடன் பிடிபட்டிருக்கும். கோட்டைக்கும் அச்சுக்கூடத்துக்கும் நடுவிலேயே ஓராண்டைக் கழித்தவருக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் தாண்டி முகத்துவாரத்துப் பக்கம் காலையில் போனால் ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் குனிந்திருக்கும் தலைகள் தெரியும். இருளர் குடும்பங்கள் கையால் இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. ஓலையில் பின்னிய பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்கிறார்கள். விரலில் இறால் தட்டியதும் பொத்திப் பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். பறியை விடாமல் கடித்திருப்பதால் பேச்சு கிடையாது. கரையேறும்போது கால் முழங்கால் வரை கருஞ்சேறாக இருக்கவேண்டும். பல இடங்களில் அது சாம்பல் நிறம்.

அந்தச் சாம்பல் அனல் மின் நிலையத்தின் கழிவு. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. ஆற்றுக்கு வடக்கே வடசென்னை அனல் மின் நிலையம் 1990களில் வந்தது, 2001இல் துறைமுகம். நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் ஆற்றின் மேலேயே போகின்றன. ஆண்டுக்கணக்கில் ஒழுகி ஒழுகி வாய்க்கால்களும் உப்பங்கழிகளும் மேடாகிவிட்டன. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து, வலையும் படகும் அலையாத்திச் செடியும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். உள்ளே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல் நீர் புகுந்து கிணறுகள் கரித்துப்போனது அதற்கும் முந்திய கதை. பாடு முறை இன்னும் இருக்கிறது. முறை வந்த குடும்பத்துக்கு ஆறுதான் இல்லை.

பேலன்டைன் போய் நூறாண்டுக்கு மேல் கழித்தே தமிழ்நாட்டில் மோர்மன் சபை வேர் பிடித்தது. கோயம்புத்தூரில் எஸ். பால் திருத்துவதாஸ் என்பவர் துண்டு நூல் ஒன்றைப் படித்துவிட்டுத் தானே சபைக்கு எழுதித் தொடர்பு கொண்டு, 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். சுற்று வட்டாரக் கிராமங்களில் சபை கூட்டினார். பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். மோர்மன் நூலின் தேர்ந்தெடுத்த பகுதிகள் 1982இல் தமிழில் வெளிவந்ததில் அவர் பங்கு பெரிது. வெள்ளைக்காரப் பிரசங்கிகள் கோட்டையைச் சுற்றி முடியாததை, உள்ளூர்க்காரர் ஒருவர் பள்ளிக்கூடம் வைத்துத் தொடங்கினார். இன்று பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப் பெயரையே அவர்கள் விரும்புகிறார்கள். 1993இல் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியப் பணி அமைந்தது. 2018 ஏப்ரலில் அங்கே இந்தியாவின் முதல் மோர்மன் ஆலயம் கட்டப்படும் என்ற அறிவிப்பு வந்தது. சென்னையிலும் சபை கூடுகிறது. பெரும்பாலும் நகரத்துக் குடும்பங்கள். ஏர் பிடிப்பவர் குறைவு.

பேலன்டைன் 1898 நவம்பரில் ஆக்டனில் காலமானார். கடைசிவரை அந்த வட்டாரத்தின் ஞாயிறு பள்ளிகளுக்கு மேற்பார்வையாளர். அவர் தலைமுறை வெட்டிய வாய்க்கால்கள் பாலையைப் பச்சையாக்கின. அதன் மறுபக்கத்தை இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஆறுகளின் தண்ணீர் வயலுக்கும் நகரத்துக்கும் போய்விட, பெரிய உப்பு ஏரி வற்றிக்கொண்டே வந்து 2022 நவம்பரில் பதிவுகளிலேயே மிகக் கீழான மட்டத்தைத் தொட்டது. வெளியே வந்த ஏரிப்படுகையிலிருந்து ஆர்சனிக் கலந்த புழுதி கிளம்பும் என்ற அச்சம் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. எண்ணூர்க்காரர்களுக்கு அந்த அச்சத்தை யாரும் விளக்கவேண்டாம். காற்றடித்தால் துணி காயப்போட முடியாத வீடுகள் இங்கே ஏற்கெனவே உண்டு.

2023 மார்ச்சில் அந்தச் சபை, ஒரு பாசன நிறுவனத்தில் தனக்கிருந்த சுமார் 5,700 நீர்ப் பங்குகளை ஏரிக்கே நிரந்தரமாக விட்டுக்கொடுத்தது. ஆண்டுக்குச் சுமார் 20,000 ஏக்கர்-அடித் தண்ணீர் அது. நம் கணக்கில் சோழவரம் ஏரியின் முழுக் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. ஏரியின் பசிக்கு அது போதாது என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் எடுத்தவர் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணூரில் எடுத்தவர்கள் எல்லாம் அரசும் பெரிய நிறுவனங்களும். கொசஸ்தலையின் கழிகளில் படிந்த சாம்பலை வாரி எடுப்பதும், ஒழுகும் குழாய்களை மாற்றுவதும், அலையாத்திக் காட்டுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்களைத் திறந்துவிடுவதும் அவர்கள் தீர்க்கவேண்டிய கடன். அதைத் தீர்க்கச் சொல்லி எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டாகக் கேட்டுவருகிறார்கள். சென்னையின் மற்ற பகுதியில் இருப்பவர்களும் சேர்ந்து கேட்கவேண்டும். அந்த மின்சாரத்தில் எரிவது நம் வீட்டு விளக்கும்தான்.